தம்பியின் கால்

டாக்டர் கெபுவேலி என் கேள்வியைப் படித்துவிட்டுச் சிரித்தார். அதுவும் சுற்றி மற்ற நர்சுகள் எல்லாம் உட்கார்ந்திருக்கும்போது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாங்காய் ஊர் ஆஸ்பத்திரியில் அவர் எங்களுக்கு நடத்திய ஒரு வாரப் பயிற்சி அது. நடுக்கடலில் சிதறிக் கிடக்கும் ஹாபாய்த் தீவுகளில் வேலை பார்க்கும் நர்சுகள் ஒவ்வொருவரும் தங்கள் வேலையிலிருந்தே ஓர் ஆராய்ச்சிக் கேள்வியைக் கொண்டுவர வேண்டும், அதற்கு ஒரு வருஷம் பதில் தேட வேண்டும் என்று ஏற்பாடு. நான் எழுதிக்கொண்டு போனது இதுதான்: எங்கள் தீவின் ஆண்கள் காலில் வரும் புண்ணைப் பற்றி ஏன் இவ்வளவு அலட்சியமாக இருக்கிறார்கள்?

"லோசலின், இது கேள்வியா, திட்டா?" என்றார் டாக்டர்.

"ரெண்டும்தான்."

"அலட்சியம்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. அப்புறம் எதைத் தேடப் போறீங்க? பதிலை உள்ளேயே வச்சுத் தச்சுட்டு வந்து கேள்வின்னு நீட்டினா எப்படி?"

பின்வரிசையில் இருந்த ஃபெலெட்டி களுக்கென்று சிரித்தான். எங்கள் தீவுக்கு அடுத்த வடக்குத் தீவில் அவன்தான் நர்ஸ். முப்பது வயதுகூட ஆகாதவன், தூரத்து நியுவாத் தீவுப் பக்கத்திலிருந்து வந்தவன், வாயைத் திறந்தால் வேடிக்கைதான். "லோசலினம்மாவைப் பாத்து எங்க தீவு ஆம்பளைங்களே பயப்படுவாங்க டாக்டர். அவங்க தீவுக்காரங்க எப்படி வருவாங்க?" என்றான்.

"நீ வாயை மூடு. உன் தீவுல கொசு கடிச்சாக்கூட வந்து நிக்கிறானுங்களாமே. என்ன மந்திரம் போட்டு வச்சிருக்கே?"

"அழகுதான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வராததற்குக் காரணம் இருந்தது. எங்கள் தீவுகளில் சர்க்கரை நோய் இல்லாத வீட்டை விரல் விட்டு எண்ணலாம். டின் மாட்டிறைச்சி, கொழுப்பு மினுங்கும் ஆட்டுத் துண்டு, வெள்ளை ரொட்டி என்று தின்று தின்று சேர்த்துக்கொண்ட நோய். காலில் முள் குத்தினாலும் தெரியாது. புண் வரும், விரல் கறுக்கும், பிறகு வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. பெண்கள் சின்னக் கொப்புளத்தோடு என் கிளினிக்குக்கு வந்து நிற்பார்கள். ஆண்கள் வரமாட்டார்கள். எல்லாம் கெட்டுப்போன பிறகு என் வாசலைத் தாண்டிப் போய்ப் படகேறுவார்கள். பாங்காயில் காலை வெட்டிக்கொண்டு ஊன்றுகோலோடு திரும்புவார்கள். சர்ச்சில் ஊன்றுகோல் சாத்தி வைப்பதற்கென்றே சுவரோரம் ஓர் இடம் ஒதுக்கியிருந்தோம்.

டாக்டர் என் கேள்வியைத் திருத்தினார். 'எங்கள் தீவின் ஆண்கள் கால் புண்ணுக்குக் கிளினிக்குக்கு வராமல் இருப்பதற்கு என்ன காரணங்கள் சொல்கிறார்கள்?' என்றாயிற்று. வீடு வீடாகப் போய்க் கேட்க ஆள் வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள்? நானே கேட்பதாக முடிவானது.

இந்தத் தீவு எனக்குச் சும்மா கிடைத்தது இல்லை. மனு மேல் மனு போட்டு, தலைநகரில் கண்ட கண்ட ஆட்களுக்கெல்லாம் பல்லைக் காட்டி வாங்கிய மாற்றல். பிறந்த தீவிலேயே நர்ஸ் வேலை பார்ப்பது நல்லது, ஜனங்கள் நம்புவார்கள் என்று மனுவில் எழுதியிருந்தேன். அது உண்மைதான், ஆனால் என் காரணம் வேறு. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் ஆக்லாந்தில் பிள்ளை குட்டியோடு செட்டிலாகிவிட்டாள். எனக்கென்று மிச்சம் இருந்தது ஒரே ஒரு தம்பி, மனாசே. அவன் இருக்கும் ஊரில் இருக்க வேண்டும் என்று ஆசை. அவ்வளவுதான்.

கிட்டே வந்தேனே தவிர, என்ன கண்டேன்? எங்கள் ஜனங்களில் அக்காவும் தம்பியும் வயது வந்த பிறகு ஒரே அறையில் உட்கார மாட்டார்கள். நான் அவன் வீட்டு முன்வாசலில் நுழைந்தால் அவன் பின்வாசல் வழியாக வெளியே போய்விடுவான். அவன் முகத்தைவிட முதுகைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அகலமான முதுகு. இடது தோளில் ஒரு மச்சம். அந்த முதுகை இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நான். அவனுக்குக் குரல் உடைந்தபோது பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் பையன்கள் தூங்கும் குடிசைக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் பேச்சு எல்லாம் மூன்றாவது ஆள் வழியாகத்தான். மரியாதைக்குக் குறைவில்லை. வலை வீசினால் முதல் மீன் எனக்கு வரும். கிழங்கு தோண்டினால் பெரியது எனக்கு வரும். அவன் பிள்ளைகளின் கல்யாணத்தில் அத்தை நான் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் உட்காருவார்கள். ஆனால் ஒருநாள், ஒரே ஒருநாள், பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிட்டியாடா?" என்று கேட்கக் கொடுத்து வைக்கவில்லை. எனக்கு அது ஏக்கமாகவே இருந்தது. வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். இப்படித்தானே எல்லா அக்காக்களும் இருக்கிறார்கள்.

சரி, கேள்வி கேட்கப் போன கதைக்கு வருகிறேன்.

முதலில் மோசே வீட்டுக்குப் போனேன். மோசே என் சித்தப்பா மகன், கூடப் பிறந்தவன்போல எழுந்து ஓட வேண்டியதில்லை. என்னைக் கண்டதும் சம்மணம் போட்டு உட்கார்ந்தவன் காலைப் பாய்க்கு அடியில் நுழைத்துக்கொண்டான். அவனுக்கு வியர்த்து ஊற்றியது.

"காலை எதுக்குடா ஒளிச்சு வைக்கிறே?"

"ஒளிக்கலக்கா. குளிருது."

"இந்த வெயில்லயா?"

"எனக்கு எப்பவும் குளிரும்க்கா."

"சரி, கிளினிக்குக்கு ஏன் வரலை?"

அவன் கூரையைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். "நேரமே கிடைக்கலக்கா" என்றான். நான் 'நேரமின்மை' என்று எழுதிக்கொண்டேன். காவா வேர்ச்சாறு குடிக்க உட்கார்ந்தால் விடியும் வரை எழுந்திருக்காதவனுக்கு நேரமில்லையாம். திட்டிவிட்டு வந்தேன்.

அடுத்தடுத்த வீடுகளிலும் இதே கதைதான். ஒருவனுக்குக் கிழங்குத் தோட்டம், இன்னொருவனுக்கு மறதி. பெரியப்பா மகன் வைனிகோலோ, "சின்னக் கீறலுக்கெல்லாம் உங்களைத் தொந்தரவு பண்ணுவேனாக்கா?" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். எல்லாவற்றையும் எழுதினேன். அலட்சியம், அலட்சியம், அலட்சியம். டாக்டர் என்ன சொன்னாலும் நான் முதலில் எழுதியதுதான் சரி என்று தோன்றியது.

போதகரிடம் சொல்லி ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் முடிவில் கால் புண்ணைப் பற்றி அறிவிக்கச் சொன்னேன். அவரும் ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவியதிலிருந்து ஆரம்பித்து உருக்கமாகப் பேசினார். அந்த வாரம் கிளினிக்கில் கூட்டம் தாங்கவில்லை. அத்தனை பேரும் பெண்கள். சிலருக்குக் காலில் ஒன்றுமே இல்லை, பிரசங்கம் கேட்டு உருகி வந்திருந்தார்கள்.

அந்த ஞாயிறு மனாசே சர்ச்சுக்கு வரவில்லை. பாடகர் குழுவில் அடிக்குரல் அவனுடையது. அது இல்லாமல் பாட்டு காலியாக ஒலித்தது. அதற்கு முந்தின வாரமே அவன் சர்ச் படியில் ஏறும்போது ஒரு காலைத் தாங்கித் தாங்கி வைப்பதைப் பார்த்திருந்தேன். பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன். அக்கா தம்பியின் உடம்பை உற்றுப் பார்க்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். நர்ஸ் போகலாம் அல்லவா? அவனும் இந்தத் தீவின் ஓர் ஆண்தானே?

அவன் மனைவி சேய்னி வாசலிலேயே என்னைக் கண்டு திகைத்தாள். உள்ளே பாய் மடமடவென்று நகரும் சத்தம் கேட்டது. வழக்கம்போலப் பின்வாசல் வழியாகப் போய்விடுவான் என்று எதிர்பார்த்தேன். கதவுச் சத்தம் கேட்கவில்லை. உள்ளறைக்கும் முன்னறைக்கும் நடுவே ஒரு பூப்போட்ட திரை தொங்கியது. அதற்கு அந்தப் பக்கம் அவன் இருந்தான். எழுந்து போக முடியவில்லை என்று எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

"சேய்னி, கேள்வி கேக்கணும்னு சொல்லு" என்றேன்.

"கேக்கலாமாம்" என்றாள் சேய்னி, திரையைப் பார்க்காமலே.

வயது, தொழில், எத்தனை வருஷமாகச் சர்க்கரை என்று சேய்னியைப் பார்த்தே ஒவ்வொன்றாகக் கேட்டேன். திரைக்குப் பின்னாலிருந்து தணிந்த குரலில் பதில் வந்தது. அவன் குரலை அவ்வளவு கிட்டத்தில் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! கேள்விகள் தீர்ந்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றையும் இழுத்து இழுத்துப் படித்தேன். படிக்கும்போதே அந்த வாடை வந்தது. சேய்னி எலுமிச்சை இலையைக் கசக்கி அறை முழுக்கப் போட்டிருந்தாள், அதையும் மீறிக்கொண்டு வந்தது. நர்ஸ் வேலைக்கு வந்து அந்த வாடை தெரியாமல் போனால் வேலையை விட்டுவிட வேண்டியதுதான்.

"காலில் புண் ஏதாவது இருக்கா?" தாளில் இருந்த கேள்விதான். ஆனால் தம்பியின் உடம்பைப் பற்றி நான் அவனிடம் கேட்ட முதல் கேள்வி. என் காது சுட்டது.

திரைக்குப் பின்னால் பாய் சரசரத்தது. "இல்லை" என்றான் பிறகு.

"கிளினிக்குக்கு வர எது தடையா இருக்கு?"

"படகு."

"என் கிளினிக்குக்குப் படகு எதுக்காம் சேய்னி? நடந்தா அஞ்சு நிமிஷம்."

"மழை" என்றான்.

மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது. தீவு முழுக்கத் தொட்டியில் தண்ணீர் வற்றிப்போய்க் கிடந்தது. அந்தப் பொய்யைக் கேட்டு எனக்கு ஒரு கணம் சிரிப்புகூட வந்தது. சின்ன வயதிலும் அவனுக்குப் பொய் சொல்ல வராது.

திரை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு இழுப்பு இழுத்தால் போதும். புண்ணைப் பார்த்துவிடலாம், சுத்தம் செய்துவிடலாம். ஊர் என்ன சொல்லும் என்பதற்காக நான் நிற்கவில்லை, ஊரை நான் மதித்ததே கிடையாது. இழுத்தால் அவன் அந்தக் காலோடு தவழ்ந்தாவது பின்வாசல் வழியாகப் போயிருப்பான். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதைப் பார்க்க என்னால் முடியாது. பேனாவைப் பிடித்துக்கொண்டு மரம்போல நின்றேன்.

பிறகு சேய்னியைச் சமையல் குடிசைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் தேங்காய் துருவ உட்கார்ந்தாள், என் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக.

"எத்தனை நாளா இருக்கு?"

"எது அக்கா?"

"என்கிட்ட நடிக்காதே. மூக்கு இருக்கு எனக்கு."

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கார்."

"சொல்ல வேணாம். நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லு. கிளினிக்ல நான் இல்லாம வேற யாராவது உட்கார்ந்திருந்தா அவன் வந்திருப்பானா?"

அந்தக் கேள்வி எங்கிருந்து என் வாய்க்கு வந்தது என்று தெரியாது. தாளில் இல்லை. சேய்னி துருவுவதை நிறுத்திவிட்டாள். அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் வந்தது அவளிடமிருந்து.

"முதல் நாளே வந்திருப்பாருக்கா! நானே முதுகுல சுமந்துட்டு வந்திருப்பேன்!"

அவள் துருவுபலகையைத் தள்ளி வைத்தாள்.

"அவர் மட்டுமா? மோசேவுக்கும் அதேதான். வைனிகோலோவுக்கும் அதேதான். இந்தத் தீவுல உங்களுக்குத் தம்பி முறை, அண்ணன் முறை இல்லாத ஆம்பளை யாரு இருக்கா? அக்கா குனிஞ்சு தரையில உட்கார்ந்து, அக்கா தலை அவன் முழங்காலுக்குக் கீழ இருக்க, அவன் சீழைத் தொடைக்கணுமா? அதுக்குக் கால் போனாப் போகட்டும்னு இருக்காங்க."

"ஒருத்தர்கூட என்கிட்ட சொல்லலையே."

"எப்படிக்கா சொல்வாங்க? கேக்குறதே நீங்கதானே!"

அடுப்பு ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நான் போட்ட மனுக்கள் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தன. நான் வருவதற்கு முன் இங்கே இருந்தவள் தூரத்து வவாவுத் தீவுப் பெண், இங்கே யாருக்கும் சொந்தமில்லை, வேலையில் அரைகுறை, மருந்துப் பெயரைக்கூடத் தப்பாகச் சொல்வாள். அவளிடம் இந்த ஆண்கள் எல்லாம் போயிருக்கிறார்கள். என் தம்பியும் போயிருக்கிறான். நான் வந்தேன், அவர்கள் நின்றுவிட்டார்கள்.

எழுந்து மறுபடி திரைக்கு முன்னால் போய் நின்றேன். எங்களில் அக்கா வாய்விட்டு ஒன்று கேட்டால் தம்பியால் மறுக்க முடியாது. நிலம் கேட்டாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நான் அந்த உரிமையை ஒருநாளும் எடுத்ததில்லை. அவன் தானாகக் கொடுப்பதை வாங்கிக்கொள்வதே எனக்கு இனிப்பாக இருந்தது.

"மனாசே, நான் இதுவரைக்கும் உன்கிட்ட எதுவும் கேட்டதில்லை. இப்பக் கேக்குறேன்" என்றேன். சேய்னி வழியாகச் சொல்லவில்லை. நேராகச் சொன்னேன்.

கேள்வித்தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"நாளைக்குக் காலைப் படகுல பாங்காய் போ. சேய்னி உன்கூட வருவா. ஃபெலெட்டின்னு ஒரு பையன், நம்ம சொந்தக்காரன் இல்லை, நான் போன் பண்ணினா வடக்குத் தீவுலேர்ந்து பாங்காய் துறைக்கு வந்து கூட்டிட்டுப் போவான். நான் வரமாட்டேன். வழியனுப்பவும் வரமாட்டேன். ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேன். இது என் வாக்கு."

"சரிக்கா" என்றான். நான் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் காலை கிளினிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். படகு எஞ்சின் இருமிக்கொண்டு கிளம்பியது. அது வளைகுடாவைத் தாண்டும்வரை பஞ்சு உருண்டைகளை உருட்டி உருட்டி வைத்தேன். ஒரு மாதத்துக்குப் போதுமான பஞ்சு சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை டாக்டர் கெபுவேலி போன் செய்தார். "நர்சாக் கேக்குறீங்களா, அக்காவாக் கேக்குறீங்களா? அக்காவாக் கேட்டா நான் வாயைத் திறக்கக் கூடாது."

"நர்சாத்தான் கேக்குறேன்."

"ரெண்டு விரல் போச்சு. கால் இருக்கு. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா முழங்காலோட எடுத்திருப்பேன். ஆனா தினமும் கட்டு மாத்தணும். மாசக்கணக்குல மாத்தணும். அதை ஊர்ல யாரு செய்வா?"

நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். "கேள்வியை மாத்தணும் டாக்டர்" என்றேன்.

"மறுபடியுமா?"

"ஆம்பளைங்க ஏன் வரலைன்னு கேட்டது தப்பு. அவங்க வரவேண்டிய இடத்துல யாரு உட்கார்ந்திருக்கான்னு கேட்டிருக்கணும்." சேய்னி சொன்னதைச் சொன்னேன். நம் தீவுகளில் எங்கெல்லாம் ஊர்ப் பெண்ணே நர்ஸோ அங்கெல்லாம் ஆண்கள் கடைசியில் வருகிறார்கள், வடக்குத் தீவில் மட்டும் முதலிலேயே வருகிறார்கள் என்பதையும் சொன்னேன்.

"எனக்கும் அக்கா இருக்கா லோசலின்" என்றார். "அவ வீட்டுக்கு வந்தா நானும் பின்வாசல் வழியாத்தான் போறேன். எனக்கு இது தோணவே இல்லை பாருங்க."

"யாருக்கும் தோணாது."

"ஆனா ஒரு சந்தேகம். ஃபெலெட்டி ஆம்பளைங்கறதால வர்றாங்களோ என்னவோ? சொந்தம் காரணமா, பொம்பளைங்கறது காரணமா? பழைய நர்ஸ்கிட்ட வந்தாங்கங்கறதுக்குப் பதிவேடு இல்லை, பிரிச்சுப் பாக்கணுமே."

"பாக்கலாம். நான் வடக்குத் தீவுக்குப் போறேன், ஃபெலெட்டி இங்க வரட்டும். நான் பொம்பளைதான், ஆனா அங்க யாருக்கும் அக்கா இல்லை. அப்பவும் அங்க ஆம்பளைங்க வந்தா, பொம்பளைங்கறது காரணம் இல்லைன்னு தெரிஞ்சுடும்."

"நீங்க எவ்வளவு அலைஞ்சு அந்த மாற்றல் வாங்கினீங்கன்னு எனக்குத் தெரியும். சிபாரிசு எழுதினதே நான்தான்."

"ஒரு வருஷம்னு போடுங்க."

"நீங்க நெனைக்கிற பதில் வந்தா ஒரு வருஷத்தோட நிக்காது. தெரியும்ல?"

"தெரியும்" என்றேன்.

மனாசே ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்கு முன்னால் நான் பெட்டி கட்ட வேண்டும் என்று அவசரப்பட்டேன். அவன் வரும் அன்றே புண் சுத்தம் செய்ய ஃபெலெட்டி அங்கே இருக்க வேண்டும். ஒரே படகு அவனை ஏற்றி வந்தது, என்னைக் கொண்டுபோகக் காத்திருந்தது. அவனை நான்கு பேர் தூக்கி இறக்கியபோது நான் சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் நின்றேன். எல்லோருக்கும் தெரியும் நான் அங்கே நிற்பது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வடக்குத் தீவில் முதல் வாரமே ஆண்கள் வந்தார்கள். பொம்பளை நர்ஸ் என்று ஒருவனும் தயங்கவில்லை. உரிமையோடு வாசலில் உட்கார்ந்து, "ஃபெலெட்டி நல்லாக் கதை சொல்வான், உங்களுக்குத் தெரியுமா?" என்று வம்புக்கு இழுத்தார்கள். "ஊசி நல்லாப் போடத் தெரியும்" என்றேன். அங்கே எங்கள் தீவில் மோசே ஒரு சின்னக் கொப்புளத்தோடு கிளினிக்குக்கு ஓடியதாகக் கேள்விப்பட்டேன். குளிர் விட்டுப்போயிற்று போலிருக்கிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முழங்காலிட்டு, என் பதில் தப்பாகப் போகட்டும் என்று ஜெபம் செய்தேன். ஆண்கள் ஃபெலெட்டியிடமும் வராமல் போகட்டும், சொந்தம் காரணமில்லை என்று ஆகட்டும், நான் திரும்பிப் போகிறேன். ஜெபித்த பிறகுதான் அதற்கு என்ன அர்த்தம் என்று உறைத்தது. எத்தனை கால்களை விலையாகக் கேட்டிருக்கிறேன்! அடுத்த பாட்டுக்கு என்னால் எழுந்து நிற்க முடியவில்லை.

ஆண்டவர் அந்த ஜெபத்தைக் கேட்கவில்லை. வருஷ முடிவில் டாக்டர் உற்சாகமாகப் போன் செய்தார். எங்கள் தீவில் அந்த வருஷம் ஒரு காலும் வெட்டப்படவில்லை. வடக்குத் தீவிலும் வழக்கம்போலவே வந்தார்கள். கால் புண் பார்க்கும் நர்ஸை இனிமேல் சொந்தத் தீவில் போடக் கூடாது என்று மேலிடத்தில் பேச்சு நடக்கிறதாம். ஃபிஜியில் நடக்கும் கூட்டத்தில் என்னையே வந்து பேசச் சொன்னார்.

"உங்க கேள்வி ஜெயிச்சுடுச்சு லோசலின்!" என்றார்.

"ஆமா" என்றேன். "என்னை இங்கயே இருத்திடுங்க."

அன்றைக்கே ஃபெலெட்டியும் போன் செய்தான். மருந்து இருப்பு, கட்டுத் துணி என்று என்னென்னவோ பேசினான். நான் கேட்க நினைப்பதை நான் கேட்க முடியாது. அவனும் எங்கள் வழக்கத்தில் வளர்ந்தவன்தான், ஓர் அக்காவிடம் அவள் தம்பியின் காலைப் பற்றிச் சொல்ல அவனுக்கு நாக்கு வராது. அவன் வேடிக்கைப் பேச்சுகூட அன்று கொஞ்சம் தடுமாறியது.

"இங்க ஒருத்தர் இருக்கார் லோசலினம்மா" என்றான். "பேர் எதுக்கு? உங்க பக்கத்துலேர்ந்து படகு வர்ற நாள்லயெல்லாம் துறைக்கு வந்துடறார்."

"எதுக்கு? சரக்கு எடுக்கவா?"

"சரக்கெல்லாம் ஒண்ணும் இல்லை. வந்து நிப்பார். எல்லாரும் எறங்கி முடிச்சதும் திரும்பிப் போயிடுவார்."

"எப்படி வர்றார்? வண்டியிலயா?"

"நடந்துதான் வர்றார். கொஞ்சம் சாய்ஞ்சு, ஆனா நல்லா நடக்குறார்."

போனை வைத்த பிறகு வெகுநேரம் அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தால் ஒரு மீனவர் பெஞ்சில் காத்திருந்தார். மனாசே வயதுதான் இருக்கும். எனக்குச் சொந்தம் இல்லை, பந்தம் இல்லை, போன வாரம்தான் முதல் தடவை வந்தவர். தரையில் உட்கார்ந்து அவர் காலை என் மடியில் எடுத்து வைத்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் விரல் இடுக்கெல்லாம் கழுவினேன், மருந்து வைத்தேன், துணியைச் சுற்றினேன்.

"ஆச்சுங்களா நர்சம்மா?" என்று கேட்டார் கொஞ்ச நேரம் கழித்து.

"இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றேன். கட்டுப் போட்டு எப்போதோ முடித்திருந்தேன்.